வீணான ஆண்டுகளிலிருந்து மீட்பது குற்றவுணர்வா, அன்றாட முயற்சியா? – "அன்றாட முயற்சியே" அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வீணாய்ப் போன ஆண்டுகளை எண்ணி உறுத்தினால்தான் மனிதன் எழுவான் என்றார் எதிரணித் தலைவர். தேயிலைச் செடியைச் சாட்சிக்கும் அழைத்தார். கிளைகளைக் கவ்வாத்து வெட்டினால்தான் கொழுந்து வரும், குற்றவுணர்வுதான் அந்தக் கத்தி என்றார்.

கவ்வாத்தைத் தினமும் வெட்டுகிறோமா, நடுவர் அவர்களே? நம் மலைநாட்டின் இந்த உயரத்தில் 4, 5 வருடங்களுக்கு ஒருமுறைதான் வெட்டுகிறோம். அதற்கும் முன்னால் வேரில் ஒரு துண்டெடுத்து அயடீன் கரைசல் விட்டுப் பார்க்க வேண்டும். கருநீலமானால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் கொழுந்து பறிப்பதை நிறுத்தி, செடியைத் தேறவிட்ட பிறகுதான் கத்தி. வேரில் சேமிப்பில்லாத செடியை வெட்டினால் கிளை கிளையாய்க் காய்ந்து செடியே செத்துப்போகும். எதிரணி புகழும் குற்றவுணர்வு படுக்கும்போது ஒரு வெட்டு, விடியும்போது ஒரு வெட்டு என்று வெட்டிக்கொண்டே இருக்கிறது. வேரில் என்ன மிச்சம் என்று அது பார்ப்பதே இல்லை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலாமாண்டு மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், தம்மை மன்னித்துக்கொண்டவர்களே அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். காரணம் எளிது. உறுத்தல் உள்ளவனுக்குப் புத்தகத்தைத் திறந்தாலே பழைய தோல்வி முன்னால் வந்து நிற்கும். அந்த வலிக்குப் பயந்து புத்தகத்தை மூடிவிட்டு, கைபேசியை எடுத்துக்கொள்கிறான்.

சரி, என்னதான் செய்வது? சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறி, கொழும்புக் கடையில் பத்து வருடம் நின்று, 28 வயதில் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பிய ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். முதல் வேலையாக ஒரு தாளில் மூன்று பத்தி போடட்டும்: என் தவறால் போனது, சூழ்நிலையால் போனது, கையில் இருப்பது. அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் கணக்கு புலம்பலாகிவிடும். இரண்டாவது பத்தியை நம்மவர்கள் வெறுமையாக விடவே கூடாது. 1948இல் இலங்கையில் குடியுரிமை பறிக்கப்பட்டு, அந்தச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்ட மலையகத் தமிழ்ச் சமூகம் இது. அப்பாவின் வருமானம் போதாமல் படிப்பை நிறுத்திய பிள்ளை அதைத் தன் சோம்பல் என்று எழுதிக்கொள்வது பொய்க் கணக்கு. மூன்றாவது பத்தியில் சிங்களப் பேச்சு இருக்கும், சரக்குக் கணக்கு இருக்கும். மேசன் வேலையோ வயரிங்கோ சமையலோ தெரிந்தவருக்கு, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் திறமையைச் சோதித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிறார்கள். முழுப் பாடநெறியும் படிக்க வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி தரும் அரச நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் கேட்கலாம்.

அடுத்தது கணிதம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அந்தப் பாடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். முதலாம் வினாத்தாளின் முதற்பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. நாளைக்கு 5 வினா, அதற்கு மேல் வேண்டாம். ஐந்து நாளில் ஒரு பகுதி முடியும். பிழைத்தவற்றை மட்டும் ஆறாம் நாள் திரும்பச் செய்ய வேண்டும். நேரத்தை மணியோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள்: இராச்சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் கொப்பி திறக்கும். ஓவர்டைம் இருந்து வேலை முடியப் பிந்தினாலும் சாப்பாடு தவறாது அல்லவா?

பெரும்பாலும் இது உடைவது முதல் வாரத்திலேயே. பத்து வருடத்தைப் பத்து நாளில் பிடிக்க நினைத்து, தம்பி இரவு ஐந்து மணி நேரம் உட்காருகிறான். நான்காம் நாள் உடம்பு கேட்காது, ஐந்தாம் நாள் விட்டுப்போகும். உடனே "நான் எப்பவும் இப்படித்தான்" என்ற தீர்ப்பு. அந்த ஐந்து மணி நேரத்தைக் கேட்டது ஆர்வமல்ல, எதிரணியின் குற்றவுணர்வு! லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை எடுத்தது, நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டால் மறுநாள் அதே நேரத்தில் இரண்டே வினா செய்தால் போதும். விட்டதைச் சேர்த்துச் செய்யவே கூடாது. உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். அது வேலை தொடங்கிய பிறகு வருவது.

ஒன்றை மட்டும் தனியே சொல்கிறேன். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

"அம்மாவின் நகையை அடகு வைத்துத் தொலைத்தவனுக்கு உறுத்த வேண்டாமா?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. உறுத்தட்டும், ஒருமுறை. பிறகு அம்மாவிடம் போய்ச் செய்ததை மறைக்காமல் சொல்லி, சம்பள நாளன்று 1000 ரூபாயோ 500 ரூபாயோ அவர் கையில் வைக்கட்டும், மாதம் தவறாமல். பத்து வருடம் மூலையில் அழுதாலும் அடகு ரசீதில் ஒரு ரூபாய் குறையாது. அதைக் குறைப்பது எங்கள் அணி சொல்லும் முயற்சிதான் என்று கூறி, உங்கள் தீர்ப்பை வேண்டி அமர்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி.