மருத்துவச்சி எட்னா

(மே 5, மருத்துவச்சிகள் தினத்தன்று செவிலியர் பயிற்சி மாணவிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

நைட் டூட்டி முடித்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சிலருக்குக் கண் சொக்குகிறது. தூங்கினால் கோபித்துக்கொள்ள மாட்டேன், நானும் அந்த வழியாக வந்தவள்தான்.

நர்ஸ்கள் தினத்துக்கு நைட்டிங்கேல் இருக்கிறார், விளக்கு இருக்கிறது, மெழுகுவர்த்தி இருக்கிறது. நம்முடைய இந்த நாளுக்கு அப்படி ஒரு முகம் இல்லை. என்னைக் கேட்டால் எட்னா ஆதான் இஸ்மாயிலின் படத்தை மாட்டச் சொல்வேன்.

1937இல் ஹர்கெய்சாவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில், ஏடன் வளைகுடாவை ஒட்டிய சோமாலிலாந்தின் தலைநகரம் அது. அப்போது ஆங்கிலேயர் ஆட்சி. அப்பா ஆதான் இஸ்மாயில் டாக்டர். ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. வீட்டில் பையன்களுக்குப் பாடம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டார். அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் பேண்டேஜ் கிழித்துக் கொடுப்பார், ஃபோர்செப்ஸ் கழுவுவார். அங்கே சாமான்கள் போதாமல் அப்பா படும் பாட்டைப் பார்த்துத்தான், அப்பாவுக்குப் பிடித்த மாதிரி ஒரு ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்ற ஆசை அந்த வயதிலேயே வந்தது.

எட்டு வயதில் ஒரு நாள் அப்பா வெளியூர் போயிருந்தார். அம்மாவும் பாட்டியும் ஏற்பாடு செய்து எட்னாவுக்குப் பிறப்புறுப்பு அறுப்பு நடந்தது. நீங்கள் தொழில் படிப்பவர்கள், பூசி மெழுக வேண்டியதில்லை. வெளி உறுப்புகளை அறுத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூடிவிடுவது அங்கே வழக்கம். சிறுநீருக்கும் மாதவிலக்குக்கும் சின்னத் துவாரம் மட்டும் விடுவார்கள். அந்தத் தழும்பு விரியாது. பிரசவத்தில் அதைத் திறந்துவிட ஆள் இல்லையென்றால் தாய் கிழிந்துபோவாள், பிள்ளை மூச்சு முட்டும். நாம் எபிசியாட்டமி, அதாவது பிரசவ வாயைச் சற்று வெட்டி விரிப்பது, போடுவதற்கு முன்னால் லோக்கல் மரப்பு ஊசி கொடுக்கிறோம், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்கிறோம். (எல்லா நேரமும் சொல்வதில்லை, அது வேறு பேச்சு.) அந்தப் பிள்ளைகளுக்கு மரப்பு மருந்தும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்பா திரும்பி வந்தார். விஷயம் தெரிந்ததும் கொதித்துப்போனார். அந்தக் கோபத்தைப் பார்த்த பிறகுதான் தனக்கு நடந்தது தப்பு என்று புரிந்தது என எட்னா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். செய்தது பெற்ற தாய், சுற்றி நின்றது சொந்தக்காரர்கள். ஊரிலுள்ள எல்லாப் பெண்களும் இதைத் தாண்டி வந்தவர்கள். அது தப்பு என்று ஒரே ஒரு பெரிய மனுஷர் கோபப்பட்டிராவிட்டால், நாளைக்கு இவரே தன் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். நல்ல தாய் என்ற நினைப்போடு போயிருப்பார்.

படிப்புக்குப் பக்கத்திலிருக்கும் ஜிபூட்டிக்குப் போனார். பிறகு ஸ்காலர்ஷிப்பில் லண்டன் போய் நர்சிங்கும் மிட்வைஃபரியும் படித்தார். சோமாலிலாந்தின் முதல் தகுதிபெற்ற நர்ஸ்-மருத்துவச்சி அவர். முதலில் கார் ஓட்டிய சோமாலிப் பெண்ணும் அவரே. சோமாலிலாந்து பிறகு சோமாலியாவோடு இணைந்தது; அந்தச் சோமாலியாவின் பிரதமருக்கு மனைவியாக இருந்தார். 1969இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கணவர் சிறைக்குப் போனார், இவர் வீட்டுக்காவலில் இருந்தார். இதையெல்லாம் வேகமாகத் தாண்டுகிறேன். பதவிக் கதைகள் எங்கும் கிடைக்கும்.

1976இல், சுகாதார அமைச்சகத்தில் பொறுப்பில் இருந்தபோது, அறுப்பைப் பற்றி முதல் முறையாக வெளிப்படையாகப் பேசினார். அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் கோபம் தனக்குச் செய்ததை, அன்று அவர் ஊருக்கே செய்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு போர். 1988இல் சொந்த அரசான சோமாலிய அரசின் விமானங்களே ஹர்கெய்சா மேல் குண்டு போட்டன. அந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி அந்த ஊரின் மேலேயே போட்டன. நர்சுகள் செத்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் ஓடிப்போனார்கள். எட்னா அப்போது உலக சுகாதார நிறுவனத்தில் இருந்தார், 1997 வரை ஜிபூட்டியில் அதன் பிரதிநிதி. ஓய்வு பெற்றவர் ஐரோப்பாவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். காரை விற்றார், சேமிப்பையும் பென்ஷனையும் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். அரசு கொடுத்த நிலம் குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடம். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே, 2000இல், முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்து நர்சிங் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். முதலில் கட்டடம், பிறகு கட்டில், கடைசியில்தான் ஆள் என்று நடப்பதையே நான் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாள் ஆளில் தொடங்கினார். 2002 மார்ச் 9இல் ஆஸ்பத்திரி திறந்தது. அதன் உள்ளேயே குடியிருந்தார். சோமாலியாவிலிருந்து பிரிந்திருந்த சோமாலிலாந்துக்கு 2003 முதல் 2006 வரை வெளியுறவு அமைச்சர் வேலையும் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணிகளில் 4,000 பேரைக் கணக்கெடுத்தார்கள். 97 சதவீதம் பேருக்கு அறுப்பு நடந்திருந்தது. வந்தவர்களைப் பதிவு செய்து எடுத்த கணக்கு. ‘இங்கே அதெல்லாம் இல்லை’ என்று எந்த அதிகாரியும் அதற்குப் பிறகு சொல்ல முடியாது. ரெஜிஸ்டர் எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் மதத்தோடு மோதவில்லை. தானும் முஸ்லிம், குர்ஆன் இதைக் கேட்கவில்லை என்று சொல்லி, இமாம்களையும் ஆண்களையும் பேச்சுக்கு அழைத்தார். தைத்து மூடும் அந்த முறைக்கு அங்கே ஃபிர்அவ்ன் முறை, அதாவது எகிப்தின் கொடுங்கோல் மன்னன் பாரோவின் முறை, என்றே பெயர். ஃபிர்அவ்ன் யார் என்று குர்ஆன் ஓதிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 2018இல் சோமாலிலாந்தின் மத விவகார அமைச்சகமே அந்த முறைக்கு எதிராக ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வெளியிட்டது. ஆனால் இலேசான வகை என்று சொல்லப்படுவதை விட்டுவைத்தது. எட்னாவுக்கு அந்த இலேசும் சம்மதமில்லை.

2023இல் டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. பரிசைவிட எனக்குப் பிடித்தது அவர் வைத்த இலக்கு. ஆயிரம் மருத்துவச்சிகளைப் பயிற்றுவித்து அனுப்ப வேண்டும் என்பது அது. ஏன் மருத்துவச்சி? பல ஊர்களில் கத்தி பிடிப்பதும் பிள்ளை பிடிப்பதும் ஒரே கிழவியின் கைகள். அந்த இடத்தில் படித்த பெண் ஒருத்தி போய் நின்றால், அறுப்புக்குக் கூப்பிட ஆள் ஒன்று குறைகிறது. பெண் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் போடும்போது, இவளை அறுக்க விடாதே என்று சொல்ல ஆள் ஒன்று கூடுகிறது.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிறது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இப்போதே கேளுங்கள். பின்வரிசையில் அந்தப் பிள்ளை ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.