ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்

நேயர்களுக்கு வணக்கம். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் கடல்தொழில் சொந்தங்களை மனதில் வைத்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

1981 டிசம்பர் 19. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பெரும்புயல். யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல், முதல் பயணத்திலேயே எரிபொருளில் கடல்நீர் கலந்து எஞ்சின் நின்று, பாறைக்கரை நோக்கி அடித்துக்கொண்டு வந்தது. உள்ளே எட்டுப் பேர். கேப்டனின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அதில் உண்டு. ஹெலிகாப்டர் வந்தது. ஆனால் கப்பல் ஆடிய ஆட்டத்தில் அதன் கம்பம் விசிறியில் அடித்துவிடும் போலிருந்ததால் ஒருவரையும் தூக்க முடியவில்லை.

பக்கத்தில் மவுசல் என்ற மீனவ ஊர். அங்கே சாலமன் பிரவுன் என்ற 47 அடி மீட்புப் படகு, மரத்தில் செய்தது. அதில் போகிறவர்கள் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். அன்று கூப்பிட்டதும் தேவைக்கு மேலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவனும் ஓடிவந்து நின்றான். படகின் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் அவனை ஏற்றவில்லை. அவன் அப்பா ஏற்கெனவே படகில் இருந்தார். இப்படிப்பட்ட இரவில் ஒரு வீட்டிலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம் என்பது அவர் முடிவு. கடல் அப்படிக் கொந்தளிக்கும்போது, கூட ஒரு கை கிடைத்தால் போதும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? அவர் வீட்டில் இருப்பவர்களை நினைத்தார்.

எட்டுப் பேர் கிளம்பினார்கள். அலை அந்தப் படகைத் தூக்கிக் கப்பலின் மேல்தட்டிலேயே போட்டது. சறுக்கி இறங்கி மறுபடியும் அண்டினார்கள். நான்கு பேரை ஏற்றிவிட்டோம் என்று ரேடியோவில் தகவல் வந்தது. மீதிப் பேரையும் விட்டுவரக்கூடாது என்று திரும்பப் போனார்கள். அப்புறம் ரேடியோவில் பேச்சே இல்லை. கப்பலில் எட்டு, படகில் எட்டு, 16 உயிரும் போயிற்று. ஒரே நாளுக்குள் அந்த ஊரில் புதுக் குழுவுக்கு ஆள் சேர்ந்தது. திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பையன் பிற்காலத்தில் அங்கே மீட்புப் படகின் தலைவரானான்.

நம் ஆட்களுக்கு அந்த நெஞ்சுரம் குறைந்ததா என்ன? 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களைத் தேடி மீனவர்களே படகெடுத்துப் போனார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோதும் கரையூர்ப் படகுகள் உதவிக்கு வந்தன. ஆனால் நம் வள்ளத்தில் அப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் ஏறுகிறார்கள். தொழிலில் அதைத் தவிர்ப்பது கஷ்டம், சரி. மீட்கப் போகும்போதாவது தவிர்க்கலாமே.

ஊர்க் கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாடைக்காலத்துக்கு முன்னால், ஆபத்துக்குப் போகச் சம்மதிப்பவர்கள் பெயரை வீட்டுக்கு ஒருவர் என்று எழுதி வையுங்கள். அத்தனை பேருக்கும் உயிர்காப்பு அங்கி, படகுக்கு ஒரு வயர்லெஸ், காப்பீடு, இந்த மூன்றையும் மீன்வளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.