ஒன்பது மணித்தியாலக் கொழும்பு

(கொழும்பு வெள்ளவத்தையில் மூத்தோர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கப்பல் துறையில் கட்டியதும் ஏணியில் முதலில் ஏறுகிறவர்களில் ஒருவனாக, மாலுமிகள் பட்டியலும் சுங்கப் படிவங்களும் அடங்கிய தோற்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எத்தனையோ நூறு தடவை ஏறியிருக்கிறேன். அதே ஏணியால் அன்றைக்கே இறங்கியும் இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு கப்பலாவது என்னை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது கிடையாது. பந்தியில் நாள் முழுக்கப் பரிமாறிவிட்டு இலையில் உட்காராமலே வீடு திரும்புகிறவனுடைய நிலை அது. 2018 மார்ச்சில், சிங்கப்பூரில் இருக்கும் மகளின் தயவால், நானும் மனைவியும் அங்கே கப்பலேறி, ஏப்ரல் மாத நடுப்பகுதியில் பார்சிலோனாவில் இறங்கினோம். இருபத்தைந்து இரவுகள். பினாங்கு, கொழும்பு, ஓமானின் சலாலா, ஜோர்தானின் அக்கபா, கிரேக்கத்தின் பிரேயஸ், இத்தாலியின் சிவித்தாவெக்கியா என்று இடையில் ஆறு துறைகள். சுயஸ் கால்வாயைக் கடந்த நாளையும் சேர்த்துப் பதினெட்டு நாட்கள் எங்கள் கால் தரையில் படவில்லை.

இந்தக் கணக்கைச் சொன்னவுடன் நண்பர்கள் பலரும், ஆறு ஊர் பார்ப்பதற்கா இவ்வளவு பணம் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஊர் பார்ப்பதற்காகக் கப்பலில் போவது, சங்கீதம் கேட்கப் போய்க் கதிரைகளை எண்ணிவிட்டு வருவதைப் போன்றது என்பதே என் கட்சி. அதை என் சொந்த ஊரே எனக்குக் காட்டித் தந்தது.

பினாங்கிலிருந்து புறப்பட்ட கப்பல், மலாக்கா நீரிணையின் வடவாயைக் கடந்து, சுமத்திராவின் வடமுனையை இடப்புறமாக விட்டுவிட்டு, மூன்று நாட்கள் மேற்கே ஓடியது. என் பாட்டனார் இதே வழியால், எதிர்த்திசையில், மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலைக்குப் போனவர். சாகும்வரை மலாயன் பென்சன் எடுத்த அந்த மனிதர், கப்பலில் தமக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு நாளாவது சொன்னதில்லை. மூன்று பகலும் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம் என்பது எனக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் நடுநிசியளவில் வலப்புறத்தில் ஒரு வெளிச்சம் சுழன்றது. இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையின் வெளிச்சவீடு. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருங்கடற்பாதை அந்த முனைக்குக் கீழாகத்தான் போகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை முன்னும் பின்னும் கப்பல்களின் விளக்குகள்.

அந்த முனையில்தான் தென்னாவரம் என்று நம்மவர் சொல்லும் பழைய கோயில் இருந்தது. சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டில் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து நிற்கிறது. தமிழ்ப் பகுதி அந்தக் கோயிலின் தெய்வமான தெனாவரை நாயனாரை வணங்கி, பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைகளைக் கணக்கிடுகிறது. 1911இல் காலி நகரில், வடிகானை மூடிய பலகைக்கல்லாகக் கிடந்த இடத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். இன்று நமது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அதன் முன்னால் நின்றிருக்கிறோம் என்று கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன். நானே அறுபத்தேழு வயதில்தான் போய்ப் பார்த்தேன்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கொழும்பு தெரிந்தது. தெரிந்தது என்றால், முதலில் தாமரைக் கோபுரத்தின் மேற்பாகம் மட்டும், அடியில்லாமல், மூட்டத்தில் தொங்கியது. பிறகு பாரந்தூக்கிகள். அதன் பிறகு, துறைமுக நகரத்துக்காகக் கடலில் கொட்டிய மணல் பழுப்பு நிறத்தில். கடைசியாகத்தான் தென்மேற்கு அலைதாங்கி. வேல்ஸ் இளவரசர் 1875இல் அடிக்கல் வைத்து, 1885இல் முடிந்த அந்தக் கற்சுவரை எனக்கு உள்ளே இருந்து மட்டுந்தான் தெரியும். வெளியே இருந்து பார்க்கும்போது அதன் மேல் அலை ஏறி உடைந்து மறுபக்கம் அமைதியாவது, முற்றத்தில் கூத்தாடும் பிள்ளை வீட்டுக்குள் தகப்பன் முன்னால் அடங்குவதைப் போல இருந்தது. கப்பலைத் துறைக்குள் வழிநடத்தும் பைலட்டின் படகு எங்கள் பக்கவாட்டில் ஒட்டியது. கயிற்றேணியைப் பிடித்து ஏறிய பைலட்டுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எட்டாம் தட்டிலிருந்து கை காட்டுகிற தொப்பிக்கார உல்லாசப் பயணியை அவர் ஏன் பார்க்கப்போகிறார்?

ஏழு மணிக்கு ஏணி இறக்கினார்கள். மாலை நான்கு மணிக்குள் திரும்பவேண்டும் என்று அறிவித்தார்கள். மற்றப் பயணிகளுக்குக் காலிமுகத்திடல், கங்காராமை, புறக்கோட்டை, மாணிக்கக்கல் கடை என்று ஒரு பஸ் சுற்றுலா. அதன் விலையை இங்கே சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் கடவுச்சீட்டுகளைக் கப்பல் வரவேற்பறையில் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினோம். குடிவரவு அதிகாரி முத்திரையைக் குத்தக் கையை ஓங்கியவர், இன்றைக்கே திரும்பிப் போகிறோம் என்றதும் அந்தரத்தில் நிறுத்தி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். முச்சக்கரவண்டியில் வெள்ளவத்தைக்குப் போனோம். வீட்டைத் திறந்தோம். அடுத்த வீட்டுப் பிள்ளை சோறும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் கொண்டுவந்து தந்தது. சாப்பிட்டுவிட்டு நான் நடுக்கூடத்தில் நின்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கேட்டா: “என்னப்பா, விருந்துக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறியள்?”

உண்மையில் அப்படித்தான் நின்றேன். நாற்பது வருடங்கள் வாழ்ந்த நகரமே, நான்கு மணி என்ற ஒரு கெடு வந்தவுடன் கையில் பிடிபடாமல் போனது. அப்படியானால், முன்பின் தெரியாத பிரேயஸில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு ஏதென்சைப் பார்த்தேன் என்று நான் எப்படிச் சொல்வது? சிவித்தாவெக்கியா இன்னும் மோசம். நிகழ்ச்சிநிரலில் ரோம் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். கப்பல் நிற்கிற இடத்திலிருந்து ரோமுக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல். போக வரவே நாளில் ஒரு நல்ல பங்கு கழிந்துவிடும்.

ஆகவே ஊர்களை விட்டுவிட்டுக் கடலுக்கு வருகிறேன்.

கொழும்பிலிருந்து சலாலாவுக்கு ஏறத்தாழ 1,600 கடல் மைல்; நான்கு நாள் ஓட்டம். மார்ச் மாத அரபிக்கடல் தட்டில் வார்த்த பால் போலக் கிடந்தது. இதே கடல் மே மாதக் கடைசியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுப் பிறந்தவுடன் ஆளே மாறிவிடும். கொழும்புக்கு உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் கார்த்திகைக்கும் சித்திரைக்கும் இடையிலேயே வருவதற்குக் காரணம் அதுதான். இந்தக் காற்றின் கணக்கைப் பாய்க்கப்பல் காலத்திலேயே வல்வெட்டித்துறையின் கப்பலோட்டிகளான தண்டையல்கள் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். கடலில் முதல் நாள் மனம் கரையிலேயே நிற்கும். இரண்டாம் நாள் சலிப்புத் தட்டும். ஆடலரங்கு, நீச்சல் குளம், எந்நேரமும் திறந்திருக்கும் சாப்பாட்டு மண்டபம் எல்லாம் அந்தச் சலிப்புக்கான மருந்துகள். (எனக்கு அவற்றில் பெரிய மரியாதை இல்லை, மனைவிக்கு உண்டு.) மூன்றாம் நாள் ஒரு மாற்றம் வருகிறது. பறவைமீன் கூட்டமொன்று கப்பலின் முன்முனைக்கு அஞ்சிக் கிளம்பி, ஈர்க்குக்கட்டு ஒன்றைத் தண்ணீரின் மேல் வீசியதைப் போலச் சிதறி, மறுபடி விழுவதை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

கடிகாரமும் அப்படித்தான். கொழும்புக்கும் ஓமானுக்கும் ஒன்றரை மணித்தியால வித்தியாசம். விமானத்தில் அது ஓர் அறிவித்தல். கப்பலில் ஓர் இரவு அரை மணித்தியாலம், இன்னோர் இரவு ஒரு மணித்தியாலம் எனப் பின்னே தள்ளச் சொல்லி, படுக்கையில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார்கள். பூமி உருண்டை என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன்; நம்பியது அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான். மனைவி அப்படிக் கிடைத்த நேரத்தையெல்லாம், சீட்டுக்காசு சேர்ப்பதைப் போல, டயறியில் குறித்துவந்தா.

எங்கள் மேசைக்குப் பரிமாறிய இளைஞன் தூத்துக்குடிப் பக்கத்தவன். ஒன்பது மாத ஒப்பந்தம். எங்கள் பேச்சைக் கேட்டவுடன் முகம் மலர்ந்து, சமையலறையில் சொல்லி இரண்டு கிண்ணம் ரசம் கொண்டுவந்து வைத்தான். கொழும்புத் துறைமுகத்துக்கு ஏழு தடவை வந்திருக்கிறானாம். ஒரு தடவையும் இறங்க வாய்க்கவில்லையாம், அந்த நேரத்தில் எப்போதும் அவனுக்கு வேலை விழுந்துவிடும். முப்பத்திரண்டு வருடங்கள் ஏறி இறங்கியும் போகாதவன் நான். ஏழு தடவை வந்தும் இறங்காதவன் அவன். இருவரும் சிரித்துக்கொண்டோம். அவன் கொஞ்சம் குறைவாகச் சிரித்தான்.

சலாலாவில் பரங்கிச் சாம்பிராணி மரம் பார்த்தோம். பட்டையைச் சீவினால் பால் கசிந்து கண்ணீர்த்துளியாக இறுகுகிறது. அதன் பிறகு ஏடன் குடா. மாலையானதும் மேல்தட்டு விளக்குகளை அணைத்து, ஜன்னல் திரைகளை மூடச் சொன்னார்கள். கடற்கொள்ளைக்காரர் வந்தால் அறையை விட்டு வெளியேறி நடைகூடத்தில் தரையோடு உட்காரவேண்டும் என்று ஒத்திகையும் நடத்தினார்கள். பாபெல் மந்தெப் நீரிணையைப் பகலில் கடந்தது எங்கள் அதிர்ஷ்டம். அரபு மொழியில் கண்ணீர் வாசல் என்று பொருள்படும் அந்த இடத்தில் ஆபிரிக்காவும் அரேபியாவும் எதிரெதிரே நிற்கின்றன. வரைபடத்தில் விரலால் மூடிய இடத்தைக் கண்ணால் பார்க்கையில் ஏற்படும் உணர்வுக்கு என்னிடம் சொல் இல்லை. அதற்கப்பால் செங்கடல்: ஒரு நிலையான ஆறுகூட வந்து விழாத, உப்பு மிகுந்த, இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீண்ட தனிமை.

சுயஸ் கால்வாயை நான் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் கொழும்பின் தலையெழுத்தை எழுதியது அதுதான். 1869 நவம்பர் 17இல் அது திறக்கும்வரை, இலங்கையில் நீராவிக் கப்பல்களின் பிரதான துறையாக இருந்தது காலி நகரம். கால்வாயால் போக்குவரத்துப் பெருகியதும் பாறைகள் நிறைந்த காலித் துறை போதாமற்போக, கொழும்பில் அலைதாங்கி எழுந்தது. பிறகு ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போன கப்பல்களில் பெரும்பகுதி இங்கே நின்றன. ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890இல் வந்து இறங்கினார். விவேகானந்தர் 1897 ஜனவரி 15இல் மேற்கிலிருந்து திரும்பி முதலில் கால் வைத்ததும் இந்தத் துறையில்தான். 1967இல் போரால் கால்வாய் மூடி எட்டு வருடங்கள் கிடந்தபோது, ஏற்கெனவே ஜெட் விமானங்களால் நொந்திருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தும் கொழும்பை விட்டு விலகியது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கோட்டை யோர்க் வீதியில் மூத்த எழுதுவினைஞர்கள் பழைய கப்பல்களின் பெயர்களை இறந்த உறவினர்களின் பெயர்களைப் போலச் சொல்லுவார்கள்.

அதிகாலை இருட்டில் கப்பல்களின் வரிசை புறப்பட்டது. கால்வாய் 193 கிலோமீற்றர் நீளம். கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் எதுவும் இல்லை. இரண்டு கடல்களும் ஏறக்குறைய ஒரே மட்டம். மிதிவண்டி வேகத்தில் கப்பல் ஊர்ந்தது. இடக்கைப் பக்கம் பேரீச்சைத் தோப்பு, பயிர்நிலம், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள். வலக்கைப் பக்கம் சினாய் மணல். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலும் இதே வழியால்தான் போய், அமெரிக்கர் ஒருவர் வாங்கி வேறு பெயர் சூட்டிய நிலையில், நம்மூர் மாலுமிகளுடன் அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938இல் மசச்சூசெற்சின் குளோஸ்ரர் துறையை அடைந்தது. எங்கள் கப்பலில் பதினொரு தட்டுகள், மின்தூக்கிகள், ரசம். அவர்களுக்குப் பாயும் காற்றுந்தான்.

இனிப் போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு, பல உல்லாசக் கப்பல்கள் இந்த வழியைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. ஆகவே முன்பணம் கட்டுமுன் வழியை உறுதிப்படுத்துங்கள். நிகழ்ச்சிநிரலில் ஊர்களை எண்ணாதீர்கள்; எந்த நீரிணையைப் பகலில் கடக்கிறது என்று கேளுங்கள். நமது கடவுச்சீட்டுக்கு வேண்டிய வீசாக்களை முன்கூட்டியே எடுக்கவேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் சிங்கப்பூரிலேயே நிறுத்திவிடுவார்கள். கடலில் கைத்தொலைபேசியை அணைத்துவையுங்கள். கப்பலின் செய்மதி வலையமைப்பில் தானாகவே இணைந்ததால் எனக்கு வந்த கட்டணத்தை மகளிடம் இன்னமும் சொல்லவில்லை.

பார்சிலோனாவிலிருந்து விமானத்தில் திரும்பினோம். நடுவில் ஓர் இடத்தில் மாறி, மறுநாள் கட்டுநாயக்காவில் இறங்கியபோது கைக்கடிகாரத்தை ஒரே தள்ளாக மூன்றரை மணித்தியாலம் முன்னே தள்ளினேன். மனைவி கைப்பையிலிருந்து டயறியை எடுத்து, கொழும்புக்குப் பிந்திய பக்கங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: “கணக்குச் சரி. சேர்த்ததெல்லாத்தையும் ஒரே இரவில திருப்பி வாங்கிப் போட்டாங்கள்.”