ஏறேக்க நோகுது, நிண்டா நிக்குது: வாய்வோ டொக்டர்?

உப்புவெளியில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. வாசிக்கிறன்: "மூண்டு மாசமா நெஞ்சு நோ வந்து வந்து போகுது. கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க வருது, கொஞ்சம் நிண்டா போயிடுது. வீட்ட வந்து இஞ்சிப் பிளேன்டீ குடிச்சா நல்ல சுகம். இது வாய்வு தானே?"

அக்கா, உந்தக் கேள்வி என்னை ரெண்டு நாளா விடேல்ல. பதிலை நீங்களே எழுதிப்போட்டு என்னட்டக் கேக்கிறீங்கள். ஏறேக்க வருது, நிண்டா போகுது. எங்க நோகுது எண்டதை விட, என்ன செய்யேக்க நோகுது எண்டது தான் எனக்கு வேணும். இப்பிடி வாற நோ வாய்வில்லை, இதய நோவா இருக்கலாம்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு போற குழாய் கொழுப்புப் படிஞ்சு ஒடுங்கினா, சும்மா இருக்கேக்க வாற இரத்தம் காணும். மேட்டில ஏறேக்க காணாது, அப்ப நோகும். நிண்டா சில நிமிஷத்தில அடங்கும். இஞ்சி ஒண்டும் செய்யேல்ல அக்கா. அதைக் குடிக்க நீங்கள் கதிரையில இருந்தீங்களே, அது தான் சுகம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கரைவலைச் சம்மாட்டி ஐயா. கோயிலுக்குப் போற வழியில, கோட்டைக்குள்ள, ஒவ்வொரு வெள்ளியும் ஒரே இடத்தில நிப்பார். "மான் பாக்கிறன், நீங்கள் நடவுங்கோ" எண்டுவார். வீட்டில ஆளுக்கு மானில சரியான விருப்பம் எண்டு நினைச்சிருக்கினம். கீழ வாசலடியிலயும் தான் மான் நிக்குது, அங்க ஒரு நாளும் நிக்கமாட்டார்! மகள் தான் பிடிச்சு என்னட்டக் கூட்டிக்கொண்டு வந்தவ. நோவைக் காட்டுங்கோ எண்டன். விரலால காட்டேல்ல, கையைப் பொத்தி நடு நெஞ்சில வைச்சார். "அம்மியைத் தூக்கி வைச்ச மாதிரி, டொக்டர்." ஒரு விரல் வைச்சு 'இதில தான்' எண்டு காட்டி, அமத்தினா நோகுது எண்டா அனேகமா தசை, விலா. அனேகமா தான்.

அவற்ற ஈசிஜி நல்லா இருந்தது. படுத்திருக்கேக்க எடுத்தது தானே! நடக்க விட்டு எடுக்கேக்க தான் பிடிபட்டது. ஈசிஜித் துண்டை பேர்சுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிற ஆக்கள் கவனியுங்கோ.

உண்மையில நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எப்ப ஓடோணும் எண்டது. முந்தி மேட்டில வந்தது இப்ப முத்தத்தில நடக்கேக்க வருது, சும்மா இருக்கேக்க வருது, நித்திரையில எழுப்புது எண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி. இருந்தும் 15 நிமிஷமா விடேல்ல எண்டா உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. நோவோட குளிர் வேர்வை, சத்தி, மூச்சு முட்டு வருது, இடக் கை, தாடை, முதுகுக்கு இழுக்குது எண்டா 15 நிமிஷமும் பாக்கத் தேவையில்ல, உடன அடியுங்கோ. காசில்லை. மகன்ட மோட்டார்சைக்கிள்ல பின்னுக்கு ஏறிப் போகாதேங்கோ, வழியில மயங்கினா ஆர் பிடிக்கிறது? சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமல் வேர்வையும் களைப்பும் மட்டும் வரலாம், அதையும் விடாதேங்கோ.

அக்கா, நீங்கள் நாளைக்கே போய்க் காட்டுங்கோ. எனக்கு எழுதின அந்த ரெண்டு வரியை அப்பிடியே சொல்லுங்கோ, வாய்வு எண்டு தொடங்காதேங்கோ. அதுவரைக்கும் ஏற்றம் வேண்டாம். கோணேசரைக் கீழ நிண்டு கும்பிடலாம், அவர் கோவிக்கமாட்டார்.