இருட்டறை உப்பும் குழந்தையின் செவியும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் தந்தையார் காரைக்குடியில் புகைப்பட நிலையம் வைத்திருந்தார். இப்பக்கத்துப் பெரிய வீடுகளின் முகப்பிலும் வளவிலும் வரிசையாக மாட்டியிருக்கும் பழைய படங்களில் சில அவர் எடுத்தவை. பள்ளி விட்டு வந்ததும் நான் இருட்டறைக்குள் போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்வேன். சிவப்பு விளக்கின் கீழ் தட்டுகள் இருக்கும். கடைசித் தட்டில் ஹைப்போ என்ற உப்பின் கரைசல். அதில் முக்கி எடுக்காத படம் வெளியே வந்தால் வெளிச்சம் பட்டுக் கறுத்துவிடும். "இந்த உப்புதான் அம்மா முகத்தை நிறுத்தி வைக்கிறது" என்பார் அப்பா.

குழந்தை மருத்துவரான பிறகு, 2018-ஆம் ஆண்டில், ஒரு மருத்துவ இதழில் அதே உப்பை மறுபடி சந்தித்தேன். சோடியம் தயோசல்பேட் என்று முழுப் பெயரில் இருந்தது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் காதைக் காப்பாற்ற அதைக் கொடுத்திருந்தார்கள். படித்து முடித்ததும் எனக்கு ஒரு சிறுவனின் நினைவு வந்தது. அவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

நான் படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பிய புதிது. கோட்டையூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அவனுடைய அப்பத்தாவின் கையில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே, கல் போல. "எண்ணெய்க் கை பொய் சொல்லாது டாக்டர்" என்றார் அந்த அம்மாள். அவர் சொன்னது சரி. அது ஹெபடோபிளாஸ்டோமா என்ற கல்லீரல் புற்று. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வருவது.

சென்னைக்கு அனுப்பினேன். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அறுவை செய்து எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தான். குடும்பத்தார் பிள்ளையார்பட்டிக்குப் போய்ச் சிதறுகாய் உடைத்துவிட்டு வந்து எனக்கும் பிரசாதம் கொடுத்தார்கள்.

ஆறு வயதில் அவனைப் பள்ளியிலிருந்து ஒரு புகாரோடு அழைத்து வந்தார்கள். சொல்வதை எழுதச் சொன்னால் 'சட்டை' என்பதற்கு 'அட்டை' என்று எழுதுகிறான், கவனமே இல்லை, அடித்தும் பயனில்லை என்றார்கள். அவனிடம் கவனம் நிறையவே இருந்தது. 'ச' என்ற ஒலிதான் அவன் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கீச்சென்ற ஒலிகளை வாங்கும் செவி உயிரணுக்களைச் சிஸ்பிளாட்டின் அழித்துவிட்டிருந்தது. அந்த உயிரணுக்கள் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. பேச்சில் உயிரொலிகள் கேட்கும், மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான் என்பதால் வீட்டில் யாருக்கும் ஐயம் எழவில்லை. நானாவது காது பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் அவன் என்னிடம் சளிக்கும் காய்ச்சலுக்கும் வந்துகொண்டிருந்தான், நான் அனுப்பவில்லை. அந்த நான்கு ஆண்டுகளை அவனுக்கு என்னால் திருப்பித் தர முடியாது.

சிஸ்பிளாட்டினை நான் குறை சொல்ல மாட்டேன். அது மின்சாரமும் வேதியியலும் கலந்த ஒரு சோதனையில் பிறந்தது, அதனால் அந்தக் கதை நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் இங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. மின்வேதியியலுக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் என்ற அறிஞர் பாக்டீரியா வளரும் கரைசலில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியா பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டு நூல் நூலாக நீண்டது. மின்சாரம் செய்த வேலை என்று முதலில் நினைத்து, பிறகுதான் கண்டுபிடித்தார்கள்: மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்தான் உயிரணுப் பிரிவைத் தடுத்திருக்கிறது. 1965-இல் அதை வெளியிட்டார்கள். 1978-இல் அது சிஸ்பிளாட்டின் என்ற பெயரில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. எத்தனையோ உயிர்களைக் காத்த பிளாட்டினம் அது. ஆனால் இரத்தத்திலிருந்து நீங்கிய பிறகும் உட்செவியில் நெடுநாள் தங்கிவிடுகிறது.

இங்கேதான் இருட்டறை உப்பு வருகிறது. ஹைப்போவில் உள்ள கந்தகம் படச்சுருளில் மிஞ்சிய வெள்ளியைப் பற்றிக் கரைத்து வெளியே கொண்டுபோகும். பிளாட்டினத்தையும் அதே போலப் பற்றிச் செயலிழக்கச் செய்யும். அப்படியானால் கட்டியைக் கொல்ல வேண்டிய மருந்தையும் முடக்கிவிடாதா? அந்த அச்சத்துக்குக் கண்ட விடை, நேரத்தில் இருந்தது. சிஸ்பிளாட்டின் ஏற்றி முடித்து ஆறு மணி நேரம் காத்திருந்தார்கள். அதற்குள் மருந்து கட்டியில் தன் வேலையைச் செய்துவிடுகிறது. அதன் பிறகு உப்பை இரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள்.

பல நாடுகளில் கல்லீரல் புற்று வந்த 109 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்குச் செவித்திறன் குறைந்தது. உப்பும் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்குத்தான். உயிர் பிழைத்தவர் எண்ணிக்கை குறையவில்லை. 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, உடலில் வேறிடங்களுக்குப் பரவாத கட்டிகளுக்கு இதை அனுமதித்தது. பரவிய நோயில் நிலைமை வேறு. அங்கே உப்பு மருந்தின் வலிமையைக் குறைத்துவிடக்கூடும் என்ற கவலை இன்னொரு ஆய்வில் எழுந்தது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஊசியாகப் போடுவது தூய்மைப்படுத்திய மருந்து. புகைப்படக் கடை உப்பை யாரும் கையில் எடுத்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சியில் இன்று எனக்கு மிகப் பிடித்த திசை இதுதான். முன்பு உயிரை மீட்பதே பெரும்பாடு. அறுபது எழுபது ஆண்டு வாழப் போகிற பிள்ளையிடமிருந்து சிகிச்சை எதைப் பறிக்கிறது என்று கணக்குப் பார்க்க நேரம் இருந்ததில்லை. இரத்தப் புற்றில் ஒரு காலத்தில் மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் நோயைத் தடுத்தார்கள், அதனால் பல பிள்ளைகளின் படிப்புத் திறன் குன்றியது. இப்போது பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. ஒருவகை இரத்தப் புற்றுக்கு ஆர்செனிக், நம் முன்னோர் பாஷாணம் என்று அஞ்சியதே, இதயத்தைப் பாதிக்கும் மருந்துகளுக்கு மாற்றாகிவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்துக் குழந்தைகளைக் குணப்படுத்தி, உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள்.

இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் பிளினாட்டுமோமாப் என்ற மருந்தையும் சொல்ல வேண்டும். அது ஒரு கையால் உடலின் காவல் உயிரணுவையும் மறுகையால் புற்று உயிரணுவையும் பிடித்து இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. 2024 டிசம்பரில் வெளிவந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்ற பிள்ளைகளில் 96 விழுக்காட்டினர் மூன்றாண்டுகள் நோயின்றி இருந்தார்கள். இதைப் பெறாதவர்களில் அது 88. ஒரு வயது நிரம்பாத சிசுக்களிடமும் பெரிய முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் அதன் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எனக்கு அதில் ஆற்றாமை உண்டு.

அப்பாவின் கேமராவை நினைக்கும்போது இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி வெள்ளையாக மின்னினால், படம் கெட்டுவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். அது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றாக இருக்கலாம். மறுநாளே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை நமக்குத் தொலைவில்லை. சீக்கிரம் போனால் உயிரோடு பல நேரம் கண்ணையும் காப்பாற்ற முடிகிறது.

அந்தச் சிறுவன் இப்போது முப்பது வயதை நெருங்குகிறான். காதில் கருவி மாட்டிக்கொண்டு கணக்கு எழுதும் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு இறுதியில், அதே நோயோடு இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று என்னிடம் வந்தது. சென்னை மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில், முதல் ஊசிக்கு முன்பே செவிப் பரிசோதனை வேண்டும் என்றும், தயோசல்பேட் பொருந்துமா என்று பாருங்கள் என்றும் கேட்டிருந்தேன். பொருந்தும் என்றார்கள். ஆறு சுற்றில் நான்கு முடிந்து, கட்டியையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பாக்கி. ஒவ்வொரு சுற்று முடிந்து பல்லவன் ரயிலில் ஊர் திரும்பியதும் அவள் தாய் குழந்தைக்குப் பின்னால் நின்று, உதடு தெரியாமல், 'சட்டை' என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறார். நான் கற்றுக்கொடுத்தது அது. போன வாரம் தொலைபேசியில் அந்தத் தாய் சொன்னார்: திரும்பிப் பார்த்துவிட்டு, கொடியில் காய்ந்த சட்டையைக் காட்டினாளாம்.