தட்டில் வளரும் சிறுநீரகம்

நேயர்களுக்கு வணக்கம். கருவில் சிறுநீரகம் எப்படி உருவாகிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தாயின் வயிற்றுக்குள் நடப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் உறுப்பையே வெளியே எடுத்து வளர்க்கிறோம். 11.5 நாள் வயதுள்ள சுண்டெலிக் கருவில் சிறுநீரகம் கடுகைவிடச் சிறியது. நுண்ணோக்கியில் பார்த்தபடியே மெல்லிய ஊசிகளால் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். (காபி குடித்துவிட்டு இந்த வேலைக்கு உட்காராதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன், கை நடுங்கும்.) எடுத்ததை நுண்துளைகள் உள்ள சவ்வின் மேல் வைப்போம். கீழே ஊட்டத் திரவம், மேலே காற்று, வெப்பம் 37 டிகிரி. உள்ளே ஆங்கில 'T' எழுத்துபோல் இருக்கும் சிறுநீர்க்குழாய் மொட்டு அடுத்த சில நாட்களில் கிளை மேல் கிளையாகப் பிரியும். அந்த மொட்டு மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய சுண்டெலி என்றால், கிளை பிரிவதை அப்படியே படம் பிடித்துவிடலாம்.

இந்த முறையின் உண்மையான பலம், திசுக்களைப் பிரித்து மறுபடி சேர்த்துப் பார்க்க முடிவதுதான். 1950களில் கிளிஃபோர்ட் குரோப்ஸ்டைன் என்ற அமெரிக்க உயிரியலாளர் அதைச் செய்தார். மொட்டைச் சுற்றியுள்ள மெசன்கைம் திசுவைத் தனியே வைத்தால் அதில் நுண்குழல்கள் உருவாவதில்லை. அதை நுண்துளை வடிகட்டி ஒன்றின் ஒரு பக்கத்திலும், தண்டுவடத் துண்டு ஒன்றை மறுபக்கத்திலும் வைத்தாலோ உருவாகின்றன! செல்கள் தொட்டுக்கொள்ளாமலே செய்தி போய்விடுகிறது என்று தோன்றியது. பின்னாளில் ஹெல்சிங்கியில் லௌரி சாக்சென் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்கள் வடிகட்டியின் துளைகளுக்குள்ளேயே நீட்சிகளை நுழைத்திருந்தன.

மரபணு நீக்கிய சுண்டெலிகள் அப்புறம் வந்தவை. மெசன்கைம் சுரக்கும் ஜிடிஎன்எஃப் புரதம்தான் மொட்டை முளைக்கவைத்துத் தன் பக்கம் இழுக்கிறது. அதன் மரபணு இல்லாத குட்டிகள் பெரும்பாலும் சிறுநீரகமே இல்லாமல் பிறப்பது 1996இல் தெரியவந்தது.

சரி, இப்போது ஆர்கனாய்டு, அதாவது ஸ்டெம் செல்களிலிருந்து தட்டில் வளர்க்கும் குட்டி உறுப்பு மாதிரி. மனித ஸ்டெம் செல்களிலிருந்து சிறுநீரகத் திசுவை வளர்க்கும் முறைகள் 2015 வாக்கில் நன்றாகத் தேறிவிட்டன. சிறுநீரகமே தயார் என்பதுபோலப் பேசுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ரத்தத்தை வடிகட்டும் சிறு அலகுகளான நெஃப்ரான்கள் உருவாகின்றன, ஆனால் அவை முதிர்வதில்லை; சிறுநீர் வெளியேற வடிகாலும் இல்லை. ரத்த ஓட்டமும் இல்லை; அந்தக் குறை பழைய சவ்வு முறைக்கும் உண்டு. ஆனால் மனித மரபணுக் கோளாறு ஒன்றை மனித செல்லிலேயே ஆராய வேண்டுமானால் ஆர்கனாய்டுதான் கைகொடுக்கும். மொட்டு எத்தனை கிளை விடுகிறது என்று எண்ண வேண்டுமானால், நான் இன்றும் சவ்வையும் ஊசியையும்தான் எடுப்பேன்.