பாலைப்பழக் காலம்

(இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு வாசிகசாலையில், ஆனி மாத மாலையொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, முன்னால் பாயில் இருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

வெளிநாட்டில் வளர்ந்த என் மருமகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். வந்த மறுநாளே, "மாமா, மிருகம் பார்க்க வில்பத்துக்குப் போவோமா?" என்றான். சரி, போகலாம் என்றேன். அவன் நின்று கேட்ட இடத்திலிருந்து இருபது அடி தள்ளி, வேலிக்கு வெளியே புழுதியில் ஒரு காலடி பதிந்திருந்தது. குதி, பாதம், ஐந்து விரல். சின்னப்பிள்ளை வெறுங்காலோடு நடந்தது போல. ஆனால் விரல்களுக்கு முன்னால் நீள நீளமாக நகக் குழிகள். கரடி. இரவு வந்து போயிருக்கிறது.

பாலை பழுத்துவிட்டால் அப்படித்தான். நாங்களும் அந்த மரத்துக்குத்தான் போகிறோம், அதுவும் அங்கேதான் வருகிறது. பழம் இல்லாத மாதங்களில் அதற்குப் புற்றுத்தான் சாப்பாடு. கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு கிடையாது. நகத்தால் புற்றைக் கிண்டி, முதலில் ஊதி மண்ணைத் தள்ளும். பிறகு மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய்போல நீட்டி, அந்தப் பல்லிடைவெளியால் கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். அந்த வேளையில் நாம் கிட்டப் போவதை அது கவனிக்காது. பார்வையும் செவியும் அதற்குக் குறைவுதான், மூக்குத்தான் கூர்மை. திடுக்கிட்டுத் திரும்பும்போது முன்னால் நாம் நின்றால் முகத்தில்தான் பாயும். கோபமென்று சொல்கிறோம், எனக்கு அது பயமாகத்தான் படுகிறது.

எங்கள் அப்பு காட்டுக்குள் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே போவார். கூட ஆளில்லாவிட்டால் மாட்டைத் திட்டுவார். மாடு வீட்டில் கட்டியிருக்கும்.

யானையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வதா? உங்கள் வாழைகளைக் கேட்டால் சொல்லும். ஒன்று மட்டும்: கொம்பில்லாததைக் கண்டு பெண்யானை என்று எண்ணிவிடாதீர்கள். இந்த நாட்டில் ஆண் யானை பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு இருப்பதில்லை. பறவைகளுக்கு இன்னொரு நாள் வேண்டும். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம். 2015இல்தான் தேசியப் பூங்கா ஆனது. மாரியில் பிள்ளைகளை ஒருதரம் அங்கே கூட்டிப்போங்கள்.

மருமகன் கதைக்கு வருகிறேன். வில்பத்துக்கு முன் ஒரு விடியற்காலை அவனைப் பாலை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். மரப்பட்டையில் நகக்கீறல், கீழே எச்சம். அதில் பாலைக்கொட்டைகள் கழுவித் துடைத்ததுபோல மினுங்கின. அவன் நாலு பழம் தின்று, பால் ஒட்டி உதட்டைத் திறக்கமுடியாமல் நின்றான். உச்சியில் மந்திகள் பாதி கடித்துப் போட, சற்றுத் தள்ளிப் புள்ளிமான்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன.

திடீரென்று ஒரு மந்தி இருமுவதுபோலக் கத்தியது. மான்கள் எல்லாம் தலை நிமிர்ந்து ஒரே பக்கம் பார்த்தன. நாங்களும் பார்த்தோம். வீரைப் பற்றை, அதற்குள் இருட்டு, வேறொன்றும் தெரியவில்லை. ஒரு மான் முன்காலால் நிலத்தைத் தட்டியது.

"என்ன மாமா அது?" என்று கிசுகிசுத்தான். மந்தி அப்படிக் கத்தினால் அநேகமாகச் சிறுத்தை என்றேன். வந்த வழியே மெதுவாகத் திரும்பினோம். வீடு வரும்வரை அவன் உரத்த குரலில் கிரிக்கெட் கதைத்துக்கொண்டே வந்தான். நான் ஒன்றும் கேட்கவேயில்லை.